மும்பையில் தமிழரின் கலை இரவுகள்: மாட்டுங்கா, செம்பூருக்கு அரங்கம், தாராவிக்குத் தெரு

மும்பையின் இரவு வாழ்க்கை என்றவுடன் பாந்த்ராவின் மதுக்கூடங்களும், லோயர் பரேலின் பழைய ஆலை வளாகங்களில் எழுந்துள்ள இசை விடுதிகளுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அந்நகரில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழர்களின் மாலையும் இரவும் வேறு இடங்களில் கழிந்து வந்துள்ளன. மாட்டுங்காவில் கச்சேரி, செம்பூரில் நாட்டியமும் சென்னையிலிருந்து வரும் மேடை நாடகமும், தாராவியில் கோயில் விழாக்களும் அண்மைக்காலமாக ராப் பாடலும் என அந்த மரபு மூன்று கிளைகளாக வளர்ந்துள்ளது.

இம்மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் உள்ள சண்முகானந்தா அரங்கத்திலிருந்து தாராவியின் 90 அடிச் சாலை நடந்தே போகக்கூடிய தூரம். செம்பூர், புறநகர் ரயிலில் சில நிலையங்கள் தள்ளி உள்ளது. ஆயினும் இரவு பத்து மணியானதும் அரங்கத்துக்குள் தில்லானாவோ மங்களமோ தடையின்றித் தொடரலாம். அதே நேரத்தில் தாராவித் தெருவில் ஒலிபெருக்கியை அணைக்குமாறு காவலர் வந்து நிற்பார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, சட்டத்தின் கண்ணில், நான்கு சுவரும் ஒரு கூரையுமே. தாராவி மறுசீரமைப்புப் பணிகள் தொடங்கியுள்ள நிலையில் இந்த வேறுபாடு முன்பைவிடக் கூடுதல் கவனத்துக்குரியதாகிறது.

பத்து மணி விதி

மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தக் கூடாது. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தில் இசைக்கருவிகளும் ஒலியெழுப்பும் பிற சாதனங்களும் இதற்குள் கொண்டுவரப்பட்டன. எனவே மின்சாரமே தேவைப்படாத மேளத்துக்கும் இவ்விதி பொருந்தும். கலையரங்கம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்கு மட்டும், அவற்றின் உட்புறப் பயன்பாட்டுக்காக விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு வழங்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பில் பத்து மணிக் கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. மகாராஷ்டிராவில் தளர்வு நாள்களின் பெரும்பகுதி கணேசோற்சவம், நவராத்திரி, தீபாவளி, ஆண்டின் கடைசி இரவு போன்றவற்றுக்கே சென்றுவிடுவது வழக்கம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்ற மற்றொரு விதியும் உள்ளது. மும்பையின் பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளுள் ஒன்றான சயான் மருத்துவமனை தாராவியின் ஓரத்திலேயே அமைந்திருப்பதால் இவ்விதியும் அப்பகுதியைத் தொடுகிறது.

நோயாளிக்கும் மறுநாள் தேர்வெழுதும் மாணவருக்கும் இவ்விதி தேவையானது என்பதில் ஐயமில்லை. நெருக்கமான குடியிருப்பில் வாழ்வோரே இரைச்சலால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க, அதற்குள் தங்கள் கலையை நடத்திக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அந்த வசதி மாட்டுங்காவுக்கு எப்படி வந்தது என்பதற்கு நூறாண்டு வரலாறு உண்டு.

திட்டமிட்டு எழுந்த மாட்டுங்கா

பிளேக் நோய்க்குப் பின் 1898இல் உருவாக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, நகரின் வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலமான சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேர்ந்து, வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள் அங்கு வாடகைக்குக் குடியேறினர். அவர்கள் வந்த இடத்தில் பள்ளி, கோயில், உணவகம் ஆகிய மூன்றும் விரைவில் எழுந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கப்பட்டது. பஜனை சமாஜங்கள் மார்கழி விடியலையும் ராதா கல்யாண இரவுகளையும் ஏற்பாடு செய்தன.

உணவகங்களைப் பொறுத்தவரை, ராம் ஆஸ்ரயா 1939இலும், கஃபே மெட்ராஸ் 1940இலும், மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இலும் தொடங்கப்பட்டவை. இவற்றை நிறுவியவர்கள் தென்கன்னடக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி தமிழர்கள். மாட்டுங்காவின் ‘தமிழ்த்தன்மை’ என்று வெளியார் குறிப்பிடுவதில் கன்னடர், மலையாளி, கொங்கணி, குஜராத்தி ஆகியோரின் பங்கும் கணிசமானது. 1926இல் நிறுவப்பட்ட மைசூர் அசோசியேஷனின் அரங்கமும், மராத்தி நாடகப் பரிஷத்தின் யஷ்வந்த் நாட்டிய மந்திரும் இதே மாட்டுங்காவில்தான் உள்ளன.

இங்கு நாட்டியத்துக்கு வேர் ஊன்றியதில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திருக்குத் தனி இடம் உண்டு. திருவிடைமருதூர் நட்டுவனார் மரபைச் சேர்ந்த குப்பையா பிள்ளையின் குடும்பத்தினர் 1945இல் தொடங்கிய இப்பள்ளி, தஞ்சை மண்ணின் அடவுகளைத் தமிழே அறியாத குஜராத்தி, மராத்தி, சிந்தி வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுத் தந்தது. கோயிலிலிருந்தும் அரசவையிலிருந்தும் ஆதரவிழந்த ஒரு கலைமரபு, மாதக் கட்டணம் செலுத்தும் நடுத்தர வர்க்க மாணவர்களை நம்பி ஒரு வணிகத் தலைநகரில் புதிய வாழ்வைத் தேடிக்கொண்டது என்பதே இதன் பொருள். மும்பையில் இன்று நடைபெறும் அரங்கேற்றங்களின் பின்னணியில் இந்தக் குடிப்பெயர்வு இருக்கிறது.

சண்முகானந்தா: தீயில் எரிந்து மீண்ட அரங்கம்

ஸ்ரீ சண்முகானந்தா நுண்கலை மற்றும் சங்கீத சபா 1952இல் உருவானது. பள்ளிக் கூடங்களிலும் பந்தல்களிலும் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த ஒரு சமூகம், பதினோரு ஆண்டுகளுக்குள், 1963இல், ஏறத்தாழ 3,000 பேர் அமரும் அரங்கத்தைக் கட்டித் திறந்தது. அக்காலத்தில் ஆசியாவின் மிகப்பெரிய அரங்கங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. கர்நாடக இசையின் தலைசிறந்த கலைஞர்களும், ஹிந்துஸ்தானி மேதைகளும் அதில் பாடியும் இசைத்தும் உள்ளனர்.

1990இல் ஏற்பட்ட தீவிபத்தில் அரங்கம் எரிந்துபோனது. மீண்டும் கட்டி முடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. காஞ்சி மடாதிபதியாக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பெயரைத் தாங்கி 1998இல் மீண்டும் திறக்கப்பட்ட இன்றைய அரங்கில் 2,763 இருக்கைகள் உள்ளன. சபாவின் வளாகத்தில் இசை, நடன வகுப்புகளும் மருத்துவ சேவை மையமும் இயங்கி வருகின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் இளம் இசைக் கலைஞர்களுக்கு நல்கையும் வழங்கப்படுகிறது.

ஒரு கச்சேரிக்கு 2,763 இருக்கைகளை நிரப்புவது எளிதன்று. சென்னை மியூசிக் அகாதெமியின் பிரதான அரங்கைவிட இது பெரியது. எனவே சபா நிகழ்ச்சிகள் தவிர, மராத்தி நாடகங்கள், குஜராத்தி நிகழ்ச்சிகள், திரையிசைக் கச்சேரிகள், பள்ளி ஆண்டு விழாக்கள், அரசியல் கூட்டங்கள் ஆகியவற்றுக்கும் அரங்கம் வாடகைக்கு விடப்படுகிறது. அரங்கம் திறக்கப்பட்டு மூன்று ஆண்டுகளில், 1966 ஜூன் 19 அன்று தோன்றிய சிவசேனா, தொடக்கக் காலத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சியால் வளர்ந்தது; தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. அதே கட்சியின் நிறுவன நாள் விழாக்கள் பிற்காலத்தில் தென்னிந்தியர் கட்டிய இந்த அரங்கிலேயே ஆண்டுதோறும் நடைபெற்று வந்தன. வாடகை ரசீதுக்கு அரசியல் நினைவு கிடையாது.

மேடை நாடகங்களுக்கு மகாராஷ்டிராவில் கூடுதலாக ஒரு படி உண்டு. பொதுமக்கள் முன் நிகழ்த்தப்படும் நாடகத்தின் எழுத்துப்படியை மாநில அரசின் மேடை நிகழ்ச்சி ஆய்வுக் குழுவிடம் அளித்துச் சான்றிதழ் பெற வேண்டும். சென்னையில் நூறு முறை மேடையேறிய நகைச்சுவை நாடகத்துக்கும் இது பொருந்தும்.

பெயரில் பம்பாய்

இந்நகரின் தமிழ் இசைச் சூழல் உருவாக்கிய கலைஞர்களைச் சென்னை ரசிகர்கள் நன்கு அறிவர். அவர்களது ஊரைத்தான் பலரும் மறந்துவிடுவர். பம்பாய் சகோதரிகள் என்று புகழ்பெற்ற சி. சரோஜா, சி. லலிதா இருவரும் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கப் பள்ளியில் படித்தவர்கள். பாம்பே ஜெயஸ்ரீ கொல்கத்தாவில் பிறந்து இந்நகரில் வளர்ந்தவர். அருணா சாய்ராம் இங்கேயே பிறந்தவர். பாடகரும் இசையமைப்பாளருமான சங்கர் மகாதேவன் செம்பூரில் பிறந்து வளர்ந்தவர். கர்நாடக இசையைக் கற்றுக்கொண்டே, பக்கத்துத் தெருவில் ஹிந்துஸ்தானியும் மராத்தி நாட்டிய சங்கீதமும் திரையிசையும் கேட்டு வளரும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. மயிலாப்பூரில் அந்த வாய்ப்பு இவ்வளவு இயல்பாகக் கிடைத்திருக்காது.

தொழிற்சாலைகள் வளர்த்த செம்பூர்

செம்பூரின் கதை சற்றுப் பிந்தியது. பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்கு முகாம் அமைக்கப்பட்ட பகுதி இது. ராஜ் கபூர் 1948இல் ஆர்.கே. ஸ்டுடியோவை நிறுவியதும் இங்கேயே. 1950களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆய்வு நிலையமும், அடுத்த பத்தாண்டில் உர ஆலையும் வந்தபோது, பொறியாளர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் எழுத்தர்களாகவும் தமிழர்கள் பெருமளவில் குடியேறினர். அவர்களது கலை ஆர்வத்துக்கு வடிவம் தந்தது 1962இல் தொடங்கப்பட்ட செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி. அதன் வளாகத்தில் உள்ள சிவசுவாமி அரங்கம் இன்று புறநகர்த் தமிழர்களின் முதன்மையான கலைக்கூடமாக உள்ளது. சென்னை டிசம்பர் சீசனில் பாடும் கலைஞர்களை மும்பையில் கேட்க விரும்புவோர் இவ்வரங்கின் நிகழ்ச்சி அட்டவணையையும் சண்முகானந்தாவின் அட்டவணையையும் சேர்த்தே பார்ப்பர். சேடா நகர் முருகன் கோயில் செம்பூர்த் தமிழர்கள் கூடும் மற்றோர் இடமாகும்.

வேறு பல மும்பை அமைப்புகளைப் போலவே இங்கும் உறுப்பினர் முறையே அடித்தளம். ஆண்டுச் சந்தாவோ வாழ்நாள் உறுப்பினர் கட்டணமோ செலுத்தியவர்களின் ஆதரவில் கச்சேரிகள் நடக்கின்றன. ஓய்வூதியம் பெறுவோர் முன்வரிசைகளில் நிறைந்திருப்பதும், அவர்களது பிள்ளைகள் நவி மும்பைக்கோ அமெரிக்காவுக்கோ சென்றுவிட்டிருப்பதும் சபாக்கள் வெளிப்படையாகப் பேசும் கவலையாகும்.

கடைசி ரயிலும் காந்தி மார்க்கெட் வெள்ளமும்

மும்பையில் கலை நிகழ்ச்சிகளின் நேரத்தைத் தீர்மானிப்பது கலைஞர்களைவிட ரயில்வே கால அட்டவணைதான். புறநகர் ரயில்கள் இரவு ஒரு மணியை ஒட்டி ஓய்ந்து, அதிகாலை நான்கு மணிக்குப் பின்னரே மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. டோம்பிவிலிக்கும் வாஷிக்கும் திரும்ப வேண்டிய ரசிகருக்குப் பத்து மணியே எல்லை. எனவே கச்சேரிகள் பெரும்பாலும் மாலை ஆறு, ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிகின்றன. ராகம் தானம் பல்லவி இங்கு சுருங்கிப்போவதற்குக் கலைஞரின் மனோதர்மத்தை மட்டும் குறை கூற இயலாது.

முதன்முறையாகச் செல்வோர் சில செய்திகளை அறிந்திருப்பது நல்லது. சண்முகானந்தா அரங்கத்துக்கு ஹார்பர் வழித்தடத்தில் கிங்ஸ் சர்க்கிள், குரு தேக் பகதூர் நகர் நிலையங்களும், மத்திய வழித்தடத்தில் சயான், மாட்டுங்கா நிலையங்களும் உதவும். செம்பூரிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு நேரடி வண்டிகள் குறைவு. பெரும்பாலும் வடாலா ரோட்டில் மாற வேண்டும். சயானுக்குத் தெற்கே ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே செம்பூரில் நிகழ்ச்சி முடிந்து ஆட்டோவில் வீடு திரும்பலாம். மாட்டுங்காவில் டாக்சியையோ பெஸ்ட் பேருந்தையோ தேட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் ஆட்டோவிலும் டாக்சியிலும் கூடுதல் கட்டணம். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக அறிவிக்கப்படும் ‘மெகா பிளாக்’ பகல் நேரக் கச்சேரிக்கு வருவோரின் திட்டத்தைக் குலைத்துவிடும்.

மழைக்காலம் தனி. கிங்ஸ் சர்க்கிளும் அருகிலுள்ள காந்தி மார்க்கெட்டும் நகரில் ஆண்டுதோறும் நீர் தேங்கும் தாழ்வான இடங்களின் பட்டியலில் முன்னணியில் இருப்பவை. ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26 மும்பைவாசிகளின் நினைவில் இன்றும் உள்ளது. ஜூலையில் நிகழ்ச்சிக்குச் செல்வோர் ராகப் பட்டியலுக்கு முன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்ப்பது நகர வழக்கம்.

உணவுக்கு முந்திக்கொள்வது நல்லது. மாட்டுங்காவின் பழைய உணவகங்கள் விடியலில் திறப்பவை. இரவு பத்து மணிக்கு முன்பே பெரும்பாலும் அடுப்பை அணைத்துவிடும். 24 மணி நேர மும்பை என்ற அறிவிப்பு இட்லிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த அறிவிப்பும் குறிப்பிடத்தக்கதே. மகாராஷ்டிர அரசு 2020 ஜனவரி இறுதியில் வணிக வளாகங்கள், திரையரங்குகள், உணவகங்கள் ஆகியவை விரும்பினால் இரவு முழுவதும் இயங்க அனுமதித்தது. சுற்றுச்சுவருக்குள் அமைந்த, குடியிருப்பில்லாத வளாகங்களே இதில் முதன்மையாகக் கருதப்பட்டன. மது விற்பனைக்கு அதிகாலை 1.30 மணி எல்லை மாற்றப்படவில்லை. இங்கும் இரவு திறந்துவிடப்பட்டது சுவருக்குள்தான். நடன மதுக்கூடங்களை 2005இல் தடை செய்த அரசு, 2013, 2019 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தில் அத்தடையை நிலைநிறுத்த முடியாமல் போனதும் இதே நகரின் இரவு வரலாற்றில் அடங்கும். அங்கு வேலை இழந்த பெண்களைப் பற்றிய விவாதம், எது கலை, எது கேளிக்கை, அதை யார் எத்தனை மணி வரை நிகழ்த்தலாம் என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுசென்றது.

சபாவுக்குச் செல்லாதவர்களின் அரங்கம்

எல்லாத் தமிழரும் சபா உறுப்பினர்களாக இருந்ததில்லை. கர்நாடக இசைச் சபாக்களின் பார்வையாளர்கள் பெரிதும் கல்வி கற்ற, உயர்சாதி, நடுத்தர வர்க்கத்தினராகவே இருந்துள்ளனர். தாராவியிலும் கோலிவாடாவிலும் உழைத்த தமிழருக்கு மாட்டுங்காவின் அரோரா திரையரங்கமே இரவின் மையம். ரஜினிகாந்த் படம் வெளியாகும் நாளில் அதிகாலையிலேயே அங்கு கூட்டம் கூடி, கட்அவுட்டுக்குப் பாலபிஷேகம் நடந்ததைத் தேசிய ஊடகங்கள் பலமுறை படம்பிடித்துள்ளன. கிங்ஸ் சர்க்கிள் சுற்றுவட்டத்தின் ஒருபுறம் தீட்சிதர் கிருதி, மறுபுறம் விசில் சத்தம்.

1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே எழுந்த கணபதி பந்தல் நகர் முழுவதும் பேசப்பட்டது. அதை நடத்தியவர் வரதராஜ முதலியார். சட்டவிரோதத் தொழில்களால் வளர்ந்த அவரது செல்வாக்கின் காட்சிமேடையாகவும் அப்பந்தல் இருந்தது. திரை நட்சத்திரங்கள் அங்கு வந்து சென்றனர். காவல்துறை நடவடிக்கைகளுக்குப் பின் அவர் சென்னை சென்று, 1988இல் அங்கேயே காலமானார். அவரது வாழ்க்கையைத் தழுவியதாகக் கருதப்படும் மணிரத்னத்தின் ‘நாயகன்’ 1987இல் வெளிவந்தது. அப்படத்தின் தாராவியும், பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) படத்தின் தாராவியும் பெரும்பகுதி சென்னையில் செட் போட்டு எடுக்கப்பட்டவை. தாராவியின் தெருவுக்கு அரங்கம் கிடைத்தது சென்னையில்தான்.

தாராவி: தெருவே மேடை

மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் இடையே சுமார் 240 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள தாராவியின் மக்கள்தொகை பல இலட்சம். பத்து இலட்சம் வரை கணிப்போரும் உண்டு. கோலி மீனவர்களின் இவ்வூருக்கு, சௌராஷ்டிரக் குயவர்களைத் தொடர்ந்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் வந்து சேர்ந்தனர். தோல் பதனிடும் தொழிலில் ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் ஈடுபட்டனர். வணிகத்தில் நாடார்கள் காலூன்றினர். அவர்கள் கொண்டுவந்த கலைகள் திறந்தவெளிக்குரியவை. ஊர்க் கோயில் கொடையில் விடிய விடிய நிகழும் வில்லுப்பாட்டு, கரகம், நையாண்டி மேளம், பறை ஆகிய எவையும் இருக்கையில் அமர்ந்து மூன்று மணி நேரத்தில் கேட்டுவிட்டு எழுவதற்காக உருவானவை அல்ல. பத்து மணி விதி கச்சேரியைத் தொடவில்லை. கொடையின் உயிரான பின்னிரவை அது வெட்டிவிடுகிறது.

ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் காட்சி இப்போது மும்பையின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. செய்தி நிறுவனங்களின் ஒளிப்படக்காரர்கள் தவறாமல் வருகின்றனர். சாலையே சமையலறை, சாலையே முற்றம், சாலையே மேடை. சண்முகானந்தாவுக்கு ஈடான அரங்கம் தாராவிக்குள் இல்லை. சிறு கோயில் முற்றம், பள்ளி வளாகம், இரு பட்டறைகளுக்கு இடைப்பட்ட வெளி ஆகியவற்றைத் தவிர்த்தால் பெருங்கூட்டம் கூடக்கூடிய இடம் சாலை ஒன்றே.

இந்த இடநெருக்கடிக்குள் பிறந்த கலையாகவே தாராவியின் ராப் பாடலைப் பார்க்க வேண்டும். அதற்கு மேடை வேண்டாம், வாத்தியம் வேண்டாம். கைப்பேசியில் தாளமும், சுற்றி நிற்க நான்கு நண்பர்களும் போதும். டோபடெலிக்ஸ், செவன் பன்டாய்ஸ் ஆகிய குழுக்கள் ஹிந்தி, மராத்தியுடன் தமிழிலும் பாடின. தாராவியின் அஞ்சல் குறியீடான 400017இன் கடைசி இரு எண்களைத் தலைப்பில் வைத்து எம்.சி. அல்தாஃப் பாடினார். 2015இல் தொடங்கிய ஒரு முயற்சி, பள்ளி நேரத்துக்குப் பின் தாராவிச் சிறுவர்களுக்குக் கட்டணமின்றி ராப், பீட்பாக்ஸ், பிரேக் நடனம் கற்பித்தது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘காலா’ படப் பாடல்களில் டோபடெலிக்ஸ் குழுவினர் பங்கேற்றனர். அடுத்த ஆண்டு வெளிவந்த ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ இக்கலையை நாடெங்கும் கொண்டுசென்றது.

அப்படத்தின் இசைத்தொகுப்பில் ‘இந்தியா 91’ என்ற பாடல் உண்டு. மும்பை மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன், தமது ‘த தோம்’ முயற்சியின் வழியே ராப் பாடகர்களுக்குக் கொன்னக்கோல் கணக்குகளைப் பயிற்றுவித்ததன் தொடர்ச்சி அது. தகதிமியும் தகிடவும் மராத்தி, ஹிந்தி சொற்களுக்கு அடித்தளமாயின. சபா மேடையில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி குடிக்கச் செல்லும் ரசிகர்கள் உண்டு. அதே கணக்கைத் தெருவோரச் சிறுவர்கள் மணிக்கணக்கில் பழகினர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே இருந்தும் கலக்காமலிருந்த இரு இரவுகள் சந்தித்த அரிய தருணங்களுள் இது ஒன்று.

மறுசீரமைப்பும் கலைக்கான இடமும்

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி முதலீட்டுக் கேட்புடன் அதானி குழுமம் தேர்வு செய்யப்பட்டது. திட்டத்தை நிறைவேற்றும் நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு உள்ளன. நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்ற பெயரில் அது இப்போது இயங்குகிறது. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதாகச் சான்று காட்டுவோருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 வரை வந்தவர்களுக்கும், மேல்தளங்களில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியே, மும்பையின் பிற பகுதிகளில் கட்டணம் அல்லது வாடகை அடிப்படையில் வீடு என்பது திட்டம். வெளியே ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவனார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் அடங்கும்.

வீட்டுக்குத் தகுதி யாருக்கு, பட்டறைகள் எங்கே செல்லும் என்பனவே இதுவரை நடந்த வாதங்களின் மையம். அது இயல்பானதும்கூட, உறைவிடமும் பிழைப்பும் கேள்விக்குறியாக இருக்கும்போது வில்லுப்பாட்டைப் பற்றி யாரும் முதலில் பேசமாட்டார்கள். ஆனால் ஒரு குழுவின் மேளக்காரர் தாராவியிலும் பாடகர் தேவனாரிலும் விழாவுக்கு வரி தரும் குடும்பங்கள் வேறு மூன்று இடங்களிலும் பிரிக்கப்பட்டால், அந்த விழா எந்த அறிவிப்புமின்றி நின்றுவிடும். அரங்கம் எரிந்தபோது மாட்டுங்கா அதை எட்டு ஆண்டுகளில் மீட்டெடுத்ததற்கு, உறுப்பினர்களும் நன்கொடையாளர்களும் நிலைத்திருந்த அமைப்பு ஒன்று இருந்ததே காரணம். தெருவை மேடையாகக் கொண்ட கலைக்கு உறுப்பினர் பதிவேடு கிடையாது. அக்கம்பக்கமே அதன் பதிவேடு.

மும்பையின் குடிசை மாற்றுக் கட்டட விதிகள், சில நூறு குடியிருப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பால்வாடி, சங்க அலுவலகம், நலக்கூடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. நகரில் ஏற்கெனவே எழுந்துள்ள இத்தகைய அடுக்ககங்களில் நலக்கூடம் என்பது பெரும்பாலும் தரைத்தளத்தில் உள்ள ஓர் அறை அளவே. பிறந்தநாள் விழாவுக்கு அது போதும். 90 அடிச் சாலையில் திரளும் கூட்டத்துக்குப் போதாது. பல கட்டடங்களுக்கான கூடங்களை ஒன்றிணைத்து, மேடையும் ஒலித்தடுப்பும் கொண்ட ஒரு பெரிய அரங்கமாகக் கட்டுவதும், வாகனங்கள் நுழையாத அகன்ற முற்றம் ஒன்றை விழாக்களுக்கென ஒதுக்குவதும் திட்டநிலையில் எளிது. கட்டடம் எழுந்தபின் அரிது.

மறுவாழ்வுக் குடியிருப்புகளுக்கான முதற்கட்டக் கட்டுமானம் தொடங்கப்பட்டிருப்பது மாட்டுங்காவை ஒட்டிய ரயில்வே நிலத்தில். விதியின் பார்வையில் அங்கு அமையும் எந்தக் கூடமும் ‘மூடிய இடம்’ என்ற விலக்குக்கு உரியது; பத்து மணிக்குப் பின்னும் அதனுள் மேளம் ஒலிக்கலாம். அந்தக் கூடத்தில் எத்தனை பேர் நிற்கலாம், கரகாட்டத்துக்குக் கூரை உயரம் போதுமா, பறையின் ஒலி மேல்மாடிக் குழந்தையை எழுப்பாமல் சுவர் தாங்குமா என்பவை இப்போது வரையப்படும் வரைபடங்களில் முடிவாகின்றன.